அண்ணன் எழுதின படம்

கோயமுத்தூர்,
1937 பிப்ரவரி 14

தங்கை நீலம்மைக்கு அண்ணன் பொன்னுலிங்கம் எழுதுவது.

நல்ல சேதி. ஆறு வருஷமாக நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகத் திரிந்து, நடிகர்கள் மறந்த வசனத்தைப் படுதாவுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுத்த உன் அண்ணனை, இங்கே ஒரு டாக்கி கம்பெனியார் கூப்பிட்டுக் கதை வசனம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் என் பெயர் எழுத்தில் வரும். தக்கலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கத்தின் மகனுக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று நம் அம்மா உயிரோடு இருந்திருந்தால்கூட நம்பியிருக்க மாட்டாள்.

முதலாளிக்குப் புராணக் கதை அலுத்துவிட்டது. குடும்பங்களில் நடக்கிற கதை வேண்டும் என்றார். நான் ஒன்று சொன்னேன். ஒரு பெண், மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டிலிருந்து வண்டி ஏறி அப்பா வீட்டுக்கு வருகிறாள். அவ்வளவு சொன்னதும் முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "மேலே சொல்லும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

உனக்குப் புரிந்திருக்கும். கோபப்படாதே. ஊர் பெயர் எல்லாம் மாற்றிவிட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். பெண்ணின் பெயர் கோமளம். கடைசியில் அவள் தையல் பள்ளிக்கூடம் வைத்து மதிப்போடு வாழ்கிறாள். பார்க்கிறவர்கள், "இப்படி ஒரு பெண்ணை அடித்துத் துரத்தினானே, பாவி" என்று அந்தப் புருஷனைத்தான் திட்டுவார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். மயிலாடியில் உன் புருஷன் கிருஷ்ணமணி வீட்டில் இருந்தபோது நீ எனக்கு ஒரு கடிதம் எழுதினாய் அல்லவா? "இந்த வீட்டில் அடிக்கும்போது மட்டும்தான் என் முகத்தைப் பார்க்கிறார்கள்" என்று அதில் ஒரு வரி உண்டு. அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இத்தனை நாடகத்துக்கு வசனம் எடுத்துக்கொடுத்தும் அப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை. அதைக் கோமளம் சொல்வதாக வைத்துக்கொள்ளட்டுமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

குழந்தை பாருக்குட்டிக்கு என் முத்தம்.

பொன்னுலிங்கம்


தக்கலை,
1937 மார்ச் 3

அண்ணனுக்கு நீலம்மை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அப்பா கடையில் வைத்தே உடைத்து வாசித்துவிட்டார். துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. வீட்டுக்கு வந்து என்னிடம் தரும்போது, "ஒனக்க அண்ணன் பெரிய ஆளாயிட்டாம்பிளே" என்றார். நான் மயிலாடியிலிருந்து வந்த இந்த இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கதையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. யாருடைய கதை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் திரும்பவும் அவர்கள் ஆள் அனுப்பினார்கள். கிருஷ்ணமணியின் மாமாவும் இன்னொருவரும். "பெண்ணு புருஷன் கூடத்தான் இருக்கணும்" என்று ஆரம்பித்தார்கள். அப்பா கடைக்கணக்கு நோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "எனக்க பிள்ளைக்க காதைக் கேக்காம ஆக்கிப்போட்டு, இப்பம் கூட்டிட்டுப் போவ வந்தியளோ? நான் சாவுத வரைக்கும் அவ இஞ்சதான் இருப்பா. எறங்குங்கோ" என்றார். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இடது காது போனது போனதுதான், அண்ணா. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வலது காது மிஞ்சியதே என்று நினைத்தேன்.

ஞானபாய் டீச்சர் பெண் பிள்ளைகளுக்கு நடத்தும் பள்ளிக்கூடத்தில் நான் தையல் சொல்லிக்கொடுப்பது உனக்குத் தெரியும். இருக்கிற மெஷின் ஒன்று. அதுவும் பாதி நாள் ஓடாது. அதைப் போய் நீ தையல் பள்ளிக்கூடமாக்கிவிட்டாய். டீச்சரிடம் சொன்னேன். "படத்திலாவது நமக்கு நாலு மெஷின் வாங்கித் தரச் சொல்லு" என்றார்கள்.

அந்த வரியை எடுத்துக்கொள். அதை எழுதின அன்று யாராவது ஒருவர் வாசித்தால் போதும் என்றிருந்தது. நிறையப் பேர் கேட்கட்டும். கேட்டால் இன்னொருத்தியின் அப்பாவும் எழுந்து நிற்பாரோ என்னவோ.

நீலம்மை


கோயமுத்தூர்,
1937 ஜூன் 20

அன்புள்ள நீலம்மைக்கு,

மூன்று மாதமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை படப்பிடிப்பு. விளக்குச் சூட்டில் நடிகர்கள் முகத்திலிருந்து அரிதாரம் வழிகிறது. படம் முடிந்துவிட்டது. "திரும்பிய திருமகள்" என்று முதலாளி பெயர் வைத்திருக்கிறார்.

பெயரிலிருந்தே கொஞ்சம் ஊகித்திருப்பாய். கதையில் சில மாற்றங்கள் செய்யவேண்டி வந்தது. விநியோகஸ்தர்கள் வந்து கேட்டார்கள். "புருஷனை விட்டு வந்தவள் நல்லபடியாக இருக்கிறாள் என்று காட்டினால், எந்த ஆண்பிள்ளை தன் வீட்டுப் பெண்களைக் கொட்டகைக்கு அழைத்து வருவான்?" என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "தையல் மெஷினைப் பார்க்கவா ஐயா ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

அதனால் கோமளம் கடைசியில் வீட்டுக்குத் திரும்புகிறாள். புருஷன் பாத்திரமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. மற்றபடி உன் வரி படத்தில் இருக்கிறது. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். டாக்கிக்கு நீண்ட வசனம் ஆகாது.

எப்படியும் இது ஒரு கதை. ஜனங்கள் இரண்டு மணி நேரம் பார்த்து அழுதுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள்.

ஒன்று சொல்கிறேன். படம் நாகர்கோவிலுக்கு வந்தாலும் நீ சிரமப்பட்டுப் போக வேண்டாம். ஒலி சரியாக விழவில்லை. உனக்கு இருக்கிற காதுக்கு ஒன்றும் விளங்காது. நான் ஊருக்கு வரும்போது நானே உட்கார்ந்து சொல்கிறேன்.

உன் அண்ணன்


தக்கலை,
1937 செப்டம்பர் 28

அண்ணனுக்கு,

படம் பார்த்தேன். ஒலி நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. இருக்கிற ஒரு காதுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கென்று பகல் ஆட்டம் போட்டார்கள். அப்பா வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, அண்டை அயல் எல்லோரையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் புறப்பட்டார். நீ போகாதே என்று எழுதியதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எனக்கும் பாருவுக்கும் பக்கத்தில் அடுத்த வீட்டு ஓமனா. திரையில் உன் பெயர் வந்தபோது அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். நானும் சிரித்தேன்.

பிறகு கோமளம் வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பவுடர் போடுகிறாள். புருஷன் கடையிலிருந்து களைத்து வருகிறான், தண்ணீர் கேட்கிறான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இந்த வீட்டில் என் முகத்தை யார் பார்க்கிறார்கள்?" என்கிறாள்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது, அண்ணா. பின்னால் ஒருத்தி, "அகங்காரத்தப் பாத்தியாட்டி! மொகத்த வச்சி வெளக்கு கொளுத்தவா?" என்றாள். ஓமனாவும் சிரித்தாள். யாருடைய வரி என்று அவளுக்குத் தெரியாது. நீ சுருக்கியது எந்த இடத்தில் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அடிக்கும்போது மட்டும்தான்" என்பதை எடுத்துவிட்டாய். படத்தில் அந்தப் புருஷன் ஒருநாளும் கை ஓங்கவே இல்லை.

அவள் மழையில் குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வருகிறாள். ஊர் அந்த அப்பாவை ஏசுகிறது. கோயிலில் யாரும் அவருக்குப் பிரசாதம் கொடுப்பதில்லை. அவர் கோயில் நடையிலேயே விழுந்து செத்துப்போகிறார். ஆண்கள் பக்கமிருந்து ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. பாரு, "அம்மா, தாத்தா அழியாரு" என்றாள். நம் ஊர்க்காரர்கள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் கோமளம் வெறுங்காலோடு நடந்துபோய்ப் புருஷன் காலில் விழுகிறாள். அவன் தூக்கி நிறுத்துகிறான். மங்களம் பாடுகிறார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் அப்பா கடை திறக்கப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மக்களே, நீ போணும்" என்றார்.

"எங்க அப்பா?"

"மயிலாடிக்கு. எனக்கு இனி தாங்காது பிளே. ஒனக்க அண்ணன் படிச்சவன். ஒன்னெயும் அறிவான், அவனெயும் அறிவான். ஒங்கிட்ட நேருல சொல்ல மனசு வராமத்தான் நாலு ஊருக்கும் கேக்குத மாதிரி எழுதியிருக்கான்."

"அது கதைப்பா" என்றேன். "பின்ன அந்தத் தகப்பன் ஏன் செத்தான்?" என்று கேட்டார்.

கிருஷ்ணமணி மூன்று தடவை படம் பார்த்தாராம். கொட்டகையில் விம்மி விம்மி அழுதாராம். நேற்று தாம்பாளத்தில் பழமும் சேலையும் வைத்து எடுத்துக்கொண்டு தானே வந்தார். அப்பா பாய் விரித்தார்.

ஐப்பசி பத்தாம் தேதிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நான் சொன்னால் அப்பா கேட்க மாட்டார். நீ சொன்னால் கேட்பார். அவருக்கு ஒரு கடிதம் எழுது. அந்தப் புருஷனை நீ பொய்யாக நல்லவனாக்கினாய் என்று எழுது. அவ்வளவு போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்பா சொல்வது மெய்தானா? நீ அப்படித்தான் நினைக்கிறாயா?

நீலம்மை


கோயமுத்தூர்,
1937 அக்டோபர் 21

அன்புள்ள நீலம்மைக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் இங்கே இல்லை. "திரும்பிய திருமகள்" மதுரையில் ஐம்பது நாள் ஓடியதற்காக ஒரு விழா வைத்தார்கள். அங்கே போயிருந்தேன். வந்த பிறகும் பல வேலைகள். அதனால் பதில் தாமதமாகிவிட்டது.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். படம் வேறு, குடும்பம் வேறு என்று எழுதியிருக்கிறேன். பெரியவர்கள் நன்றாக யோசித்து எது செய்தாலும் எனக்குச் சம்மதம் என்றும் எழுதினேன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவருக்குப் புத்தி சொல்வது எனக்கு முறையாகப் படவில்லை.

நீ என்மேல் வருத்தமாக இருப்பது தெரிகிறது. ஆனாலும் நிதானமாக யோசித்துப் பார். ஒரு மனிதன் மூன்று தடவை ஒரு படத்தைப் பார்த்து அழுதான் என்றால் அவன் மனதில் ஏதோ அசைந்திருக்கத்தானே வேண்டும்? தானே பழத்தட்டோடு வந்திருக்கிறார். முன்பெல்லாம் ஆள்தானே அனுப்புவார்? மதுரையில் ஒரு பெரியவர் மேடையில் பேசும்போது, பிரிந்திருந்த எத்தனையோ குடும்பங்கள் இந்தப் படத்தால் சேர்ந்துவிட்டன என்றார். அதைக் கேட்டபோது உன்னை நினைத்துக்கொண்டேன். நல்லதே நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நீ கேட்ட கடைசிக் கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன்.

அண்ணன்


மயிலாடி,
1937 நவம்பர் 22

மகாராஜஸ்ரீ அண்ணா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

இங்கு யாவரும் சுகம். அவ்விட சுகத்துக்கு எழுதவும். ஐப்பசி பத்தாம் தேதி அப்பா என்னையும் குழந்தையையும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். இவ்விடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் தவறை நான் உணர்ந்துகொண்டேன். தாங்கள் எழுதிய படத்தின் மூலமாகவே எனக்கு நல்ல புத்தி வந்தது. பாரு சௌக்கியம். பள்ளிக்கூடத்துக்கு இனி அனுப்புவதாக இல்லை.

தாங்கள் கடிதம் எழுதினால் வீட்டுக்காரர் பெயருக்கே எழுதவும்.

இப்படிக்கு,
நீலம்மை

மைத்துனருக்கு: மேலே உள்ளதை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். உங்கள் படத்தை நம் கல்பட்டறை ஆட்கள் எல்லோரையும் பார்க்க வைத்தேன். பெண்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்த படம் எப்போது? — கிருஷ்ணமணி


கோயமுத்தூர்,
1937 டிசம்பர் 12

நீலம்மை,

இதை ஞானபாய் டீச்சரின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். எப்படியாவது உன் கையில் சேர்த்துவிடுங்கள் என்று அவர்களுக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

மயிலாடிக் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. "மகாராஜஸ்ரீ" என்று நீ எனக்கு ஒருநாளும் எழுதினதில்லை. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. கீழே அவர் எழுதியிருந்ததையும் வாசித்தேன். "பெண்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்." அது என் வசனம், நீலம்மை. படத்தில் கோமளத்தின் மாமனார் சொல்கிறார். நான் எழுதினதுதான்.

மறைத்தவற்றையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

முடிவை மாற்றச் சொன்னபோது நான் மறுத்துப் பேசினதாக நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். இல்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். "அங்கேதான் இருந்தேன்" என்று உனக்குப் பூசி மெழுகி எழுதினேன்.

உன் வரியை முதலாளி வெட்டச் சொல்லவில்லை. புருஷன் நல்லவன் என்று ஆனபிறகு "அடிக்கும்போது" என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை. வரியையே விட்டுவிட்டிருக்கலாம். எனக்கு விட மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல வரி. கண்ணாடிக்கு முன்னால் வைத்தால் எடுபடும் என்று தோன்றியது. அதை அங்கே வைத்தது நான்தான்.

கோமளமாக நடித்த அம்மாளும் புருஷனை விட்டு வந்தவர்தான். ஒத்திகையில் அந்த வரியைச் சொல்லிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இது பவுடர் போடுகிறவள் சொல்கிற பேச்சு இல்லையே வாத்தியாரே. யார் சொன்னது?" என்று கேட்டார். "நானே எழுதினது" என்றேன். அந்த அம்மாள் கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்தார்.

போகாதே, ஒலி சரியில்லை என்று எழுதினேனே. உன் காதைச் சொல்லி எழுதினேன். அதை நினைத்தால் எனக்குப் பேனா ஓடவில்லை.

உன் கடிதம் வந்தபோது நான் இங்கே இல்லை என்று எழுதியதும் பொய். அப்பாவுக்கு நான் என்ன எழுதினேன் தெரியுமா? முதலில் எழுதிய கடிதத்தில், "கிருஷ்ணமணி அவளை அடித்தது மெய்; படம் பொய்" என்று எழுதினேன். அன்று சாயங்காலம் மதுரை விழாவுக்கு ரயில். அங்கே எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். பொய் என்று எழுதிவிட்டு அதைப் போர்த்திக்கொள்ள முடியுமா? கிழித்துவிட்டேன். வந்த பிறகு, எனக்குச் சம்மதம் என்று எழுதினேன்.

நீ கேட்ட கேள்வி: நானும் அப்படி நினைக்கிறேனா? இல்லை. அப்படி நினைத்து எழுதியிருந்தால் ஒருவிதம். நினைக்காமலே எழுதினேன்.

இன்று அப்பாவுக்கு இன்னொரு கடிதம் அனுப்பிவிட்டேன். கிழிக்கவில்லை. அதோடு மயிலாடியிலிருந்து நீ எனக்கு எழுதிய பழைய கடிதத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறேன். முழுதாக, வெட்டாமல். அவரே வாசிக்கட்டும். கம்பெனியில் அடுத்த கதைக்கு நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். நேரே மயிலாடி வந்து உன்னையும் பாருவையும் அழைத்துக்கொண்டு போகிறேன். என்னோடு வருவாயா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் வருகிறேன்.

பொன்னுலிங்கம்


தக்கலை,
1938 ஜனவரி 6

அண்ணனுக்கு,

நீ மயிலாடிக்குப் போக வேண்டாம். நான் அங்கே இல்லை. உன் கடிதத்தை டீச்சர் எங்கும் கொடுத்தனுப்ப வேண்டி வரவில்லை. அது வந்தபோது நான் அவர்கள் வீட்டு அடுக்களையில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மயிலாடி வீட்டில் பத்து நாள் அவர் உன் படத்தில் வந்த புருஷன்போலவே இருந்தார். குரல்கூட அப்படித்தான். பதினோராவது நாள் அவருடைய அக்காவும் பிள்ளைகளும் வந்தார்கள். "படத்தில் அவள் எப்படித் திரும்பி வந்தாள் என்று காட்டு" என்றார். எனக்குப் புரியவில்லை. வாசலுக்கு வெளியே போய் நின்று, நடந்து வந்து, காலில் விழச் சொன்னார். விளையாட்டுபோலச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தேன். அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, படத்தில் அவன் சொல்கிற வசனத்தைச் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பட்டறைக்குக் கல் வாங்க வந்தவர்களுக்கு முன்னால். அன்றும் விழுந்தேன்.

மூன்றாவது தடவை அவருடைய சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். நான் வாசலில் போய் நின்றேன். திரும்பி வரக் கால் வரவில்லை. "வா" என்றார். "மாட்டேன்" என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் முகம் கறுத்துப்போனது. அவர்கள் போன பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. காது மிஞ்சியிருக்கிறது.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போனதும் பாருவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாகர்கோவிலில் தக்கலை பஸ் ஏறினேன். அப்பாவின் கடை வாசலைத் தாண்டித்தான் டீச்சர் வீட்டுக்கு வர வேண்டும். அவர் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் நிற்கவில்லை. டீச்சர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "கேறி வா பிளே" என்று மட்டும்தான் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் என் பழைய கடிதம். வாசலிலேயே நின்றார். டீச்சர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை. "மக்களே, ரெண்டு வருசமா நீ சொன்னத நான் நம்பினேன். ரெண்டு மணி நேரம் ஒரு படத்தப் பாத்துட்டு நம்பாமப் போனேன்" என்றார். பாருவுக்கு ஒரு சீட்டித் துணி கொண்டுவந்திருந்தார். அதை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டே திரும்பிப் போனார். கொடுக்க மறந்துவிட்டார். மறுநாள் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். கிருஷ்ணமணி ஆள் அனுப்பினாலும் இனி அப்பா அவர்களை வாசலைத் தாண்ட விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. இங்கேயே இருக்கிறேன். பாருவை இங்கேயே சேர்த்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் கடிதத்தை நீ அப்பாவுக்கு அனுப்பியது நல்லதாக முடிந்தது. ஆனால் இந்தத் தடவையும் என்னைக் கேட்கவில்லை. அதில் அப்பா படிக்கக் கூடாத வரிகளும் இருந்தன. அவை என்னுடையவை, அண்ணா. உன் பெட்டியில் இருந்ததால் உன்னுடையதாகிவிடாது.

நீ எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். மூன்று வாரமாக அதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் நானும் வரியை வெட்டியவள் ஆவேன்.

அன்று கொட்டகையில் நடந்ததை உனக்கு எழுதினேன். பின்னால் இருந்தவள் சிரித்தது, ஓமனா சிரித்தது, அப்பா அழுதது எல்லாம் எழுதினேன். என்னை மட்டும் எழுதவில்லை. கோமளம் வெறுங்காலோடு நடந்து வந்தபோது நானும் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். அவள் விழ வேண்டும், விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குள் ஒருத்தி கெஞ்சிக்கொண்டிருந்தாள். என் வரியை நீ என்ன செய்தாய் என்று தெரிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அதை மறந்து அழுதேன்.

அப்பா போகச் சொன்னதால் போனேன் என்றுதான் டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அப்படித்தான் எழுதினேன். "நீ சொன்னால் கேட்பார்" என்றேன். நான் ஒரு தடவை மாட்டேன் என்று உரக்கச் சொல்லியிருந்தால் அப்பா என்னை இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார். நான் சொல்லவில்லை. கிருஷ்ணமணி சேலை கொண்டுவந்தபோது, உள்ளே நின்று அதன் கரையைப் பார்த்தேன். அவர் மாறியிருப்பார் என்று நானும் நினைத்தேன். ஐப்பசி பத்தாம் தேதி வண்டியில் ஏறும்போது அந்த மங்களப் பாட்டு என் வாயில் இருந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் சொல்லாதே. எல்லாம் தன் குற்றம் என்று அவர் குனிந்து நடக்கிறார். அதில் என் பங்கை எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பொங்கலுக்கு வா. பள்ளிக்கூடத்துக்கே வா.

நீலம்மை